தன் பதிவேடு: அறுபத்து நான்கு வரிகள் எங்கே போயின?

"இதையெல்லாம் மொத்தமா அழிச்சிரட்டுமா மாமா?" என்று கேட்டபடி மருமகள் போனை என் கையில் வைத்தாள். என் அக்காள் மகள். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைக்கும் செயலி ஒன்று போனில் திறந்திருந்தது. விரலால் தள்ளத் தள்ள வரிகள் வந்துகொண்டே இருந்தன. எண்ணினேன், அறுபத்து நான்கு. ஏறக்குறைய எல்லாமே கெடு தாண்டிச் சிவப்பாகிக் கிடந்தன. முதல் வரி "வாரிசு". அடுத்தது "பால் கணக்கு". அதற்கடுத்து "பேங்க்". கொஞ்சம் கீழே "அப்பா அலமாரி".

"போனைத் திறந்தாலே வயிறு கலங்குது மாமா. நான் சோம்பேறி இல்ல. ஆனா இதைப் பார்த்தா அப்படித்தான் தோணுது."

அவள் சோம்பேறி இல்லை என்பதற்கு நானே சாட்சி. விடிகாலை நாலே முக்காலுக்கு எழுகிறாள். தனியார் பள்ளியில் ஆசிரியை, இரண்டு பிள்ளைகள், கணவர் சிங்கப்பூரில். தை மாதம் அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காலமானார். அதன் பிறகு வீட்டின் எல்லாக் காகிதங்களும் அவள் தலையில் விழுந்தன. என் அக்காளுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, கையெழுத்துப் போடுவார், அலைய முடியாது.

அன்று தொடங்கி ஓராண்டு நாங்கள் இருவரும் செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன். வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே முறையை ஒரு வீட்டுக்குள் கொண்டுபோனேன். அதில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வு.

டாட்டன்ஹாம் துரை விட்டுப்போன நோட்டு

தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தால் கையில் வரும் முதல் கருவி ஒரு பெரிய நோட்டு. அதன் பெயர் தன் பதிவேடு. பேச்சில் பி.ஆர்., அதாவது பர்சனல் ரெஜிஸ்டர். "பி.ஆர். எழுதிட்டியா?" என்ற கேள்வியைக் கேட்காமல் எந்தச் செக்‌ஷனிலும் ஒரு மாதம் கழியாது. மாவட்ட அலுவலக நடைமுறை நூல் என்று ஒரு விதிநூல் உண்டு, அதற்கென்று துறைத் தேர்வே உண்டு. அந்த நடைமுறையை வகுத்தவர் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த அலெக்சாண்டர் டாட்டன்ஹாம். கேரளத்திலும் ஆந்திரத்திலும்கூட அலுவலக நடைமுறையைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்வார்கள். அவரே பின்னாளில், 1934 முதல் 1946 வரை, எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகியாக இருந்தார். அந்த ஊரிலேயே அவருடைய நோட்டு ஒரு வீட்டு மேசைக்கு வந்ததில் எனக்கு ஒரு தனி நிறைவு உண்டு.

முறை இதுதான். வரும் தபால் அனைத்தும் ஓரிடத்தில் பிரிக்கப்படும். தேதி முத்திரை விழும். பகிர்மானப் பதிவேட்டில் எண் கிடைக்கும். அரசுக் கடிதத்தின் தலையில் நீங்கள் பார்க்கும் "ந.க.எண்" அங்கிருந்து வருவதுதான். பிறகு உரிய எழுத்தர் அதைத் தன் பதிவேட்டில் ஏற்றுவார். வரிசை எண், வந்த தேதி, யாரிடமிருந்து, பொருள் என்ன, கோப்பை மேலே வைத்த தேதி, திரும்பி வந்த தேதி, யாருக்கு எழுதினோம், எந்தத் தேதியில், பதில் எப்போது வந்தது, கடைசியில் முடிவின் தன்மையும் தேதியும். காரியம் முடிந்தால் வரிசை எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிடுவோம். வட்டம் விழாத எண் எல்லாம் நிலுவை. குறித்த நாளில் மேலதிகாரி பி.ஆரைப் புரட்டும்போது அவர் கண் தேடுவது வட்டமில்லாத எண்களைத்தான்.

நோட்டின் இந்தப் பத்திகளை, அதாவது மேலிருந்து கீழாக ஓடும் கட்டங்களை, நிதானமாகப் பாருங்கள். "என்ன செய்ய வேண்டும்" என்பதற்கு ஒரே ஒரு பத்தி. மீதியில் பெரும்பாலானவை கேட்பது வேறு: இது இப்போது யார் கையில் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து? இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். நம்முடைய முடியாத வேலைகளில் பெரும்பகுதி நம் உழைப்புக்காகக் காத்திருப்பதில்லை. இன்னொருவருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது. போனில் இருக்கும் பட்டியலில் அதை எழுத இடமே இல்லை. ஆகவே காத்திருப்பவை எல்லாம் நம் சோம்பல்போலத் தோற்றம் காட்டிச் சிவப்பாகின்றன.

பி.ஆருக்குத் துணையாக இன்னும் மூன்று உண்டு. திரும்பத் திரும்ப வருவனவற்றுக்குக் காலமுறைப் பதிவேடு. யாருக்கு எந்த நாளில் நினைவூட்ட வேண்டும் என்பதற்கு நினைவூட்டு நாட்குறிப்பு. பல மாதங்களுக்கு எதுவும் செய்ய இயலாத கோப்புகளுக்கு, நீதிமன்றத்தில் வழக்கு நிற்பவை போன்றவற்றுக்கு, கால் புக். கால் புக்குக்குப் போனது மறக்கப்பட்டதாகாது, மறுபார்வைத் தேதியோடுதான் போகும்.

முதல் ஞாயிறு

கடைத்தெருவில் நீள அக்கவுண்ட் நோட்டு ஒன்று வாங்கி வந்தோம். அடிக்கோல் வைத்து ஏழு பத்திகள் இழுத்தோம்: வரிசை எண், வந்த தேதி, காரியம், அடுத்த அடி, யார் கையில், பதில் வர வேண்டிய தேதி, முடிவு. அலுவலகப் பதிவேட்டில் "அடுத்த அடி" என்று ஒரு பத்தி கிடையாது, அது எழுத்தரின் குறிப்பில் வரும். வீட்டில் குறிப்புக் கோப்பு கிடையாது என்பதால் நான் சேர்த்தேன்.

அறுபத்து நான்கு வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்தோம். மூன்று மணி நேரம் ஆனது. ஒன்பது வரிகள் ஒரே காரியத்தை வேறு வேறு சொல்லில் இரண்டாம் முறை எழுதியவை. "பேங்க்" ஒன்று, "அப்பா அக்கவுண்ட்" இன்னொன்று, இரண்டும் ஒன்றே. பதினான்கு வரிகள் காலமுறை: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கட்டணம், அரையாண்டுக்கு ஒருமுறை சொத்துவரி, அம்மாவின் மாத்திரை, பால் கணக்கு, சீட்டுப் பணம். இவை முடியவே முடியாதவை. இந்த மாதம் முடித்தால் அடுத்த மாதம் மறுபடி முளைக்கும். இவற்றை முடிக்க வேண்டிய பட்டியலில் வைத்தால் பட்டியல் ஒருநாளும் குறையாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாதவாரியாகக் கட்டம் போட்டு அவற்றைக் குடியேற்றினோம். ஐந்து வரிகளை இப்போது தொடவே தேவையில்லை. பதினேழு வரிகள் அடுத்தவர் கையில் இருந்தன. உண்மையில் அவள் கை வைத்தால் நகரக்கூடியவை பத்தொன்பது.

"பத்தொன்பதுதானா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு எழுந்து போய் எல்லோருக்கும் காபி போட்டுக் கொண்டுவந்தாள்.

அந்த முகமாற்றத்துக்கு ஒரு விளக்கம் உண்டு. பெர்லினில் ஆய்வு செய்து 1927-இல் வெளியிட்ட ப்ளூமா ஸைகார்னிக், முடித்த வேலைகளைவிடப் பாதியில் நிறுத்தப்பட்டவை மனத்தில் கூடுதலாகத் தங்குகின்றன என்று காட்டினார். பின்னால் செய்த சோதனைகளில் அந்த முடிவு எல்லா இடத்திலும் அப்படியே வரவில்லை. எனக்கு அதைவிடப் பயன்பட்டது 2011-இல் மசிகாம்போவும் பாமைஸ்டரும் வெளியிட்ட ஆய்வு. முடியாத காரியம் வேறு வேலையில் புகுந்து கவனத்தைக் கலைக்கிறது. ஆனால் அதற்கு எப்போது, எப்படி என்று திட்டமான வழி எழுதிவிட்டால், காரியம் முடியாமலே அந்தத் தொல்லை அடங்குகிறது. "பேங்க்" என்று எழுதினால் மனம் சமாதானம் ஆவதில்லை. "புதன் மாலை நான்கரைக்கு, அம்மாவின் ஆதார் நகலோடு, கிளை மேலாளரைப் பார்ப்பது" என்று எழுதினால் ஆகிறது. அலுவலகத்தில் எங்கள் பழைய சூப்பிரண்டு இதைத்தான் வேறு விதமாகச் சொல்வார்: "பொருள் எழுதாதே, நடவடிக்கை எழுது."

வரிசை எண் 1: வாரிசு

ஒரு வரியை மட்டும் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். மற்றவை எல்லாம் இதன் சாயல்தான்.

போனில் "வாரிசு" என்ற ஒற்றைச் சொல். மாசி மாதத்திலிருந்து அங்கே இருக்கிறது. வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தாயா என்று கேட்டேன். விண்ணப்பித்தாகிவிட்டது, இ-சேவை மையத்தில். "அப்ப இப்ப யாருகிட்ட இருக்கு?" தெரியவில்லை. "எந்தத் தேதி போட்ட?" ரசீதைத் தேடினாள். குளிர்பதனப் பெட்டியின் மேல், மின்கட்டண அட்டைக்குள் இருந்தது. மாசி முடியப் பத்து நாள் இருக்கும்போது போட்டது. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போகும் வழி எனக்குத் தெரியும். விண்ணப்ப எண்ணை வைத்து நிலையைப் பார்த்தோம். ஒரு சான்றின் நகல் தெளிவாக இல்லை என்று திருப்பியிருந்தார்கள். திருப்பி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது.

ஏன் தெரியவில்லை? குறுஞ்செய்தி வந்திருக்க வேண்டுமே. அக்காள்தான் மெதுவாகச் சொன்னார்: "அந்த நம்பரு உங்க மச்சானோடது தம்பி." இ-சேவையில் அக்காளின் குடிமக்கள் கணக்கு எண்ணைப் பதிந்தபோது மச்சானுடைய போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். அந்தப் போன் அணைக்கப்பட்டு அலமாரிக்குள் இருந்தது. அரசு அனுப்பிய தகவல் எல்லாம் இறந்தவருடைய பூட்டிய அலமாரிக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது.

யாரும் பேசவில்லை கொஞ்ச நேரம். பிறகு மருமகள் போனை எடுத்துச் சார்ஜில் போட்டாள்.

அந்தச் சான்றின் தெளிவான நகலை மறுநாளே ஏற்றினோம், போன் எண்ணையும் மாற்றினோம். "யார் கையில்" என்ற பத்தியில் "கி.நி.அ." என்றும், அதற்கடுத்த பத்தியில் பத்து நாள் தள்ளி ஒரு தேதியும் விழுந்தன. அந்தத் தேதியில் அவள் போய் நின்றாள். வைகாசிக்குள் சான்று வந்தது. அறுபது நாளுக்கு மேல் அவளைக் குற்றவாளியாக்கி வைத்திருந்த காரியத்துக்கு அவள் செய்ய வேண்டியிருந்தது ஒரு நகல் எடுப்பது மட்டும்.

இதோடு இன்னொன்றும் வெளிப்பட்டது. வாரிசுச் சான்று வந்தால்தான் எதுவும் நடக்கும் என்று நினைத்துக் குடும்ப ஓய்வூதியத்தையும் அவள் நிறுத்தி வைத்திருந்தாள். ஓய்வூதிய ஆணையில் அக்காள் பெயர் முன்பே இருந்தது. கருவூலத்தில் கேட்டபோது இறப்புச் சான்றையும் ஓய்வூதியப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள், விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஒரு காரியம் இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்கிறதா, சாய்ந்து நிற்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோமா என்பதை "அடுத்த அடி" பத்தி கேட்கவைத்தது.

நினைவூட்டு எழுதுவது வேலை ஆகாது

இனி முறை சறுக்கிய இடங்கள்.

ஆனியில் நோட்டைப் புரட்டினேன். வங்கிக் கணக்கு வரிசையில் நான்கு நினைவூட்டுத் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்று. காரியம் இம்மி நகரவில்லை. இந்த நோயை நான் அலுவலகத்தில் ஆயிரம் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு, நினைவூட்டு மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும். எழுத்தர் பதிவேட்டைப் பொறுத்தவரை குற்றமற்றவர், மனு கொடுத்தவர் மட்டும் வீதியில் நிற்பார். பதிவேடு சுத்தமாக இருப்பதும் காரியம் நடப்பதும் ஒன்று என்று நம்பிவிடும் ஆபத்து இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

ஆகவே ஒரு விதி வைத்தோம். இரண்டு நினைவூட்டுக்குப் பிறகு மூன்றாவது கிடையாது, வழியை மாற்ற வேண்டும். போனில் கேட்டிருந்தால் நேரில் போவது. ஒருவரிடம் கேட்டிருந்தால் அவருக்கு மேலே இருப்பவரிடம் கேட்பது. வாயால் கேட்டிருந்தால் எழுதிக் கேட்பது.

அந்த வங்கிக் கிளையில் ஒவ்வொரு முறையும் வேறொரு தாள் கேட்டிருக்கிறார்கள். "என்னென்ன குறைகிறது என்று ஒரே பட்டியலாக எழுதித் தாருங்கள்" என்று மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தாள். இறந்தவர் கணக்கு தொடர்பான கோரிக்கையை உரிய சான்றுகள் கிடைத்த 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தப் 15 நாளை எண்ணத் தொடங்குவதற்கே ஒரு தேதி வேண்டும். முன்பு அவளிடம் அந்தத் தேதி இல்லை. இப்போது முத்திரையோடு இருந்தது. பட்டியல் வந்தது, தாள்கள் போயின, ஆடிக்குள் பணம் அக்காள் கணக்கில் விழுந்தது. இந்த வரிசைக்குச் சிவப்பு வட்டம் போட்டபோது பேனாவை என்னிடம் தரவில்லை, அவளே போட்டாள்.

காலண்டர் தாளின் பின்பக்கம்

சிறு வேலைகள் நோட்டில் தங்கவில்லை. முதல் மாதத்தில் "புளி வாங்க", "சட்டைக்குப் பட்டன்" எல்லாவற்றையும் எண் போட்டு ஏற்றினாள். பத்தே நாளில் நோட்டு அடைந்துபோனது. அலுவலகத்தில் ஒரு கடிதம் இன்றே வந்து இன்றே முடிந்துவிடும் என்றால் அதற்கு இத்தனை சடங்கு வேண்டியதில்லை. வீட்டில் அப்படிப்பட்டவைதான் அதிகம்.

அவள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. அடுக்களைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. காலையில் நேற்றைய தாளைக் கிழித்ததும் அதன் வெற்றுப் பின்பக்கத்தில் ஐந்து வரி எழுதுவாள். ஆறாவது வரி கூடாது. ஐந்தில் குறைந்தது இரண்டு பதிவேட்டிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் நாள் முழுதும் புளியிலும் பட்டனிலும் போய்விடும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் முடித்த நேரம். இரவு அந்தத் தாளைப் பலசரக்குக் கடையில் பில் குத்துவதுபோல ஒரு கம்பியில் குத்தி வைப்பாள்.

அந்தக் கம்பிதான் இன்னொரு உண்மையைச் சொன்னது. விடைத்தாள் கட்டு வந்தால் அவள் எப்போதும் "ஒரு ராத்திரி வேலை" என்பாள். தாள்களை வரிசையாகப் பார்த்தோம். மூன்று கட்டுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று இரவு ஆகியிருந்தது, ஒன்றுக்கு நான்கு. இது அவளுடைய குறையா என்றால், இல்லை. 1994-இல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூவர் கனடாவில் பட்டப்படிப்பு மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள். ஆனது ஏறக்குறைய 55. எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு என்று கேட்டதற்குச் சொன்னதும் 49 நாளுக்குள்தான், அதுவும் போதவில்லை. மனிதர் தம் வேலையைக் கணக்கிடும்போது காரியத்தை மட்டும் எண்ணுகிறார். நடுவில் மகன் வீட்டுப்பாடம் கேட்பதையும், அம்மா சர்க்கரை இறங்கி வியர்ப்பதையும் எண்ணுவதில்லை. அடுத்த கட்டு வந்தபோது மருமகள் ஊகிக்கவில்லை. கம்பியைப் பார்த்து மூன்று இரவு என்று எழுதி, பள்ளியிலும் அதையே சொன்னாள். பரீட்சைக் காலத்தில் நள்ளிரவு தாண்டி விழித்திருப்பது அதோடு குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமைத் தணிக்கை

இது என் தவறு. ஒவ்வொரு ஞாயிறும் நான் போய்ப் பதிவேட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு. மூன்று மாதம் போனேன். "இது ஏன் நிலுவை? இதுக்குத் தேதி எங்க?" என்று கேட்பேன். அலுவலகத்தில் அப்படிக் கேட்பதுதான் என் வேலையாக இருந்தது. ஆடிப் பெருக்கு கழிந்த ஞாயிறு அவள் நோட்டை மூடினாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நான் உங்க செக்‌ஷன் எழுத்தர் இல்ல. ஞாயித்துக்கிழம வந்தாலே பயமா இருக்கு."

போனைத் திறந்தால் வயிறு கலங்குகிறது என்றாளே, அதையே நான் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்று புரிந்தது. பதிவேட்டுக்கு மேற்பார்வை வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. பார்க்கப்படாத நோட்டு ஒரு மாதத்தில் செத்துவிடும். ஆனால் அலுவலகத்து நிலுவை அரசுடையது, எழுத்தர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டு நிலுவையிலிருந்து எழுந்து போக வேறு வீடு இல்லை. கண்டிப்பின் அளவு அங்கே வேறாக இருக்க வேண்டும். இதை நான் முதலிலேயே நினைத்திருக்க வேண்டும்.

"சரி ஆத்தா, இனி நான் பார்க்கல. நீயே பாரு" என்றேன். சனிக்கிழமை விளக்கு வைத்த பிறகு இருபது நிமிடம், அக்காளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளே பார்ப்பது என்று ஆனது. அக்காள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இதுல நான் என்ன செய்யணும்?" அதன் பிறகு போன் செய்து கேட்க வேண்டியவற்றில் பாதியை அக்காளே செய்யத் தொடங்கினார். நடக்க முடியாதவருக்குப் பேச முடியும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை. "யார் கையில்" பத்தியில் "அம்மா" என்று எழுதிய நாளிலிருந்து அக்காளின் முகமும் மாறியது. மச்சான் போன பிறகு அவர் கையில் யாருமே ஒரு பொறுப்பும் கொடுத்திருக்கவில்லை.

ஐப்பசியில் மூன்று வாரம் நோட்டு திறக்கப்படவே இல்லை. தீபாவளி, சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை வந்தது, சின்னவனுக்குக் காய்ச்சல். திரும்பத் தொடங்கியபோது விட்ட நாட்களை நிரப்ப அவள் முயலவில்லை. புதுப் பக்கம் எடுத்து, வட்டம் விழாத எண்களை மட்டும் கையால் மறுபடி எழுதினாள். ஆண்டு மாறும்போது நாங்களும் நிலுவையைப் புதுப் பதிவேட்டுக்கு அப்படித்தான் முன்கொணர்வோம். கையால் திரும்ப எழுதுவதில் ஒரு நன்மை உண்டு: எழுதக் கை வராத காரியங்கள் அங்கேயே தெரிந்துவிடும். நான்கு எண்களை அவள் எழுதவில்லை. "வேண்டாம்னு முடிவு" என்று பழைய பக்கத்தில் குறித்து வட்டமிட்டாள். கைவிடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் தேதி உண்டு.

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அலுவலகத்தில் முடிந்த கோப்பு எத்தனை காலம் வைக்கப்பட வேண்டும் என்பது முடிக்கும்போதே தீர்மானமாகும்: ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். வீட்டிலும் நான்கு உறைகள் வைத்தோம். பள்ளிக்கூடச் சுற்றறிக்கை ஓராண்டு. வரி ரசீதுகள் பத்தாண்டு. பத்திரம், பட்டா, சான்றுகள் நிரந்தரம். குளிர்பதனப் பெட்டியின் மேல் இப்போது ஒன்றும் இல்லை.

கால் புக்

முதல் ஞாயிறன்று தனியே எடுத்து வைத்த ஐந்து வரிகளில் ஒன்று "அப்பா அலமாரி". மச்சானுடைய வேட்டி சட்டைகள், பேனாக்கள், கண்ணாடி, மாணவர்கள் அனுப்பிய கடிதங்கள். காலி செய்து அக்காளின் மருந்துகளையும் பிள்ளைகளின் துணியையும் வைக்க வேண்டும் என்று உறவினர் ஒருவர் சொன்னதால் அவள் பட்டியலில் ஏற்றியது. ஒவ்வொரு நாளும் அது சிவப்பாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அதற்கு வரிசை எண் போடவில்லை. நோட்டின் நடுவே ஒரு பக்கத்தில் "கால் புக்" என்று தலைப்பிட்டு அங்கே எழுதினேன். மறுபார்வை: ஆவணி. "அதுவரைக்கும் இதை நீ நினைக்க வேண்டியதில்ல. ஆவணியில நோட்டு உனக்குச் சொல்லும்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த முறையில் எது அவளுக்கு அதிகம் உதவியது என்று யாராவது கேட்டால், ஏழு பத்திகளைச் சொல்ல மாட்டேன், இந்த ஒரு பக்கத்தைச் சொல்வேன்.

ஆவணியில் அவள் அலமாரியைத் திறந்தாள். குடையை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினாள். மறுபார்வை: தை. திதி முடிந்த மறுவாரம் சட்டைகளை மடித்து, ஊரில் இருந்த அவருடைய பழைய மாணவர் ஒருவரிடம் கொடுத்தாள். கடிதங்கள் அங்கேயே இருக்கின்றன.

இதை எழுதும் சித்திரையில் பதிவேட்டில் நிலுவை ஏழு. பட்டா மாற்றம் நில அளவையர் கையில், அடுத்த தேதி வருகிற பத்து. மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு ஒரு கையெழுத்து மாப்பிள்ளையிடமிருந்து வர வேண்டும். மகளின் சாதிச் சான்று விண்ணப்பம் நேற்றுப் போட்டது, ரசீது நோட்டிலேயே ஒட்டியிருக்கிறது, போன் எண் இந்தமுறை அவளுடையது. மற்ற நான்கும் சில்லறை. கால் புக்கில் ஒன்று: அப்பா அலமாரி, கடிதங்கள். மறுபார்வை ஆவணி.